பாலுக்குப் பூனை காவலா? அலாஸ்காவின் திமிங்கில வேட்டை

14 பிப்ரவரி 2024, ஒரு வாசகர் கேட்டது

அருகிவரும் போஹெட் என்கிற திமிங்கிலத்தை வேட்டையாட அலாஸ்காப் பழங்குடிகளுக்கு அனுமதி இருக்கிறதாம். அந்த வேட்டையைக் கண்காணிப்பதும் வேட்டைக்காரர்களே வைத்திருக்கும் ஆணையம்தானாம். அரசாங்கம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு அதற்குக் 'கூட்டு நிர்வாகம்' என்று பெயர் வைத்திருக்கிறது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதானே இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

14 பிப்ரவரி, இரவு

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். 2017 செப்டம்பர் கடைசியில் ஆறு வாரம் உட்கியாக்விக்கில் இருந்தேன். அமெரிக்காவின் வடகோடி ஊர். பேரோ என்றால் சிலருக்குத் தெரியும். 2016இல் ஓட்டுப் போட்டுப் பழைய பெயருக்கே திரும்பினார்கள். நான் போனது நெட்வொர்க் கேபிள் வேலைக்கு.

தங்கியிருந்த வீட்டில் சமையலறை மேடையில், படகுக்காரர்கள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ ராத்திரி பகலாக ஓடும். ஒரு நாள் மத்தியானம் அதில் ஒரே கூச்சல், அப்புறம் யாரோ ஜெபம் செய்கிற குரல். வீட்டுக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னையும் வண்டியில் ஏற்றினார். ஊருக்கு வெளியே பழைய கடற்படை விமான ஓடுதளம். முப்பது அடிக்கு மேல் நீளமான போஹெட் திமிங்கிலத்தை லோடர் வண்டி கரையிலிருந்து இழுத்து வந்து போட்டிருந்தது. எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரிக் கறுப்பு, தாடைக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை.

கத்தி வைப்பதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு விஷயம். டேப்பும் நோட்டுமாக இரண்டு பேர் வந்தார்கள். மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளந்தார்கள், வால் அகலம் அளந்தார்கள், ஆணா பெண்ணா பார்த்தார்கள், வருஷமும் வரிசை எண்ணும் சேர்த்து அதற்கு ஒரு நம்பர் போட்டார்கள். உள்ளாட்சி அமைப்பின் வனவிலங்குத் துறை ஆட்கள். படகுக்காரர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது ஒரு வேட்டைக்காரப் பையன்தான்.

வருஷத்துக்கு 67 திமிங்கிலம் கொல்லலாம் என்று ஒதுக்கீடு. அதைப் பதினொரு கிராமங்களும் பிரித்துக்கொள்கின்றன. மிச்சம் நாளைக்கு.

15 பிப்ரவரி

கதை 1977இல் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் 1848இல் என்று சொல்பவரும் உண்டு, அதுவும் சரிதான். முதல் அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல் அந்த வருஷம்தான் பெரிங் ஜலசந்தியைத் தாண்டியது. விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கும், பெண்களின் இடுப்புக் கச்சைக்குள் வைக்கும் எலும்பு மாதிரியான தாடைத் தகடுக்கும் அடித்து ஐம்பது அறுபது வருஷத்தில் போஹெட்டை ஒழித்துக்கட்டினார்கள். ஒழித்தது அங்கே வேட்டையாடும் இனுப்பியாட் பழங்குடிகள் இல்லை. ஆனால் கணக்குக் கேட்டபோது முன்னால் நிறுத்தப்பட்டது அவர்கள்.

1977 ஜூனில் சர்வதேசத் திமிங்கில ஆணையம் போஹெட் வேட்டைக்குப் பழங்குடிகளுக்கு இருந்த விலக்கை எடுத்துவிட்டது. ஒதுக்கீடு பூஜ்யம். விஞ்ஞானிகள் சொன்ன காரணம், மிஞ்சியிருப்பது அதிகம் போனால் இரண்டாயிரத்துக்கும் குறைவு என்பது. அது வெறும் சாக்கு என்றும் சொல்ல முடியாது. எழுபதுகளில் எண்ணெய்க் குழாய் வேலையில் கையில் காசு வந்து புதுப்புதுக் குழுக்கள் கடலில் இறங்கியிருந்தன. 1977இல் கரை சேர்ந்தவை 29, அடிபட்டுக் காணாமல் போனவை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் வேட்டைத் தலைவர்கள் கூடி அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையத்தை உண்டாக்கினார்கள். டிசம்பரில் சர்வதேச ஆணையம் டோக்கியோவில் சிறப்புக் கூட்டம் போட்டு 1978க்கு 12 என்று கொஞ்சம் இளக்கியது.

இனி சுவையான பகுதி. விஞ்ஞானிகள் எப்படி எண்ணினார்கள்? வசந்தத்தில் கரைப்பனிக்கும் நடுக்கடல் பனிக்கும் நடுவே ஒரு நீர்வழி திறக்கும். பனிமேட்டின் மேல் ஆளை உட்காரவைத்து, அந்த வழியாகப் போகிற திமிங்கிலத்தை எண்ணுவது. நீர்வழி மூடினால் திமிங்கிலமும் வராது என்று கணக்கு. வேட்டைக்காரர்களோ, அது பனிக்கு அடியிலும் போகும், தலையால் முட்டிப் பனியை உடைத்து மூச்சு விடும், கண்ணுக்கெட்டாத தூரத்திலும் போகும், நீங்கள் எண்ணுவது ஓரத்தில் போவதை மட்டும்தான் என்றார்கள். ஹாரி பிரவர் என்கிற மூத்த வேட்டைத் தலைவர் இதை டாம் ஆல்பர்ட் என்ற கால்நடை மருத்துவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எண்பதுகளில் பனிக்கு அடியில் ஒலிவாங்கியை இறக்கினார்கள். நீர்வழி மூடிக்கிடந்த நாளிலும் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டே போயின. கேட்ட குரலையும் கணக்கில் சேர்த்து எண்ணினால் தொகை எகிறியது. 2001இல் பத்தாயிரத்தைத் தாண்டியது, 2011இல் 16,800க்கு அருகே.

பூனை என்றீர்களே, பால் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னது பூனைதான்.

15 பிப்ரவரி, அரை மணி கழித்து

கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். இப்போது படித்தால் உறுத்துகிறது. 1977இல் வேட்டைக்காரர்கள் சொன்னது முழுக்கச் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. 2001இல் பத்தாயிரம் என்றால் 1977இலும் பத்தாயிரமா? இல்லை, நடுவில் கூட்டம் வருஷத்துக்கு மூன்று சதவீதத்துக்கும் மேல் பெருகியது. விஞ்ஞானிகளின் தொகை குறைச்சல், அது நிரூபணமானது. அடித்துத் தொலைப்பது அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பதும் நிஜம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பாதி சரி.

19 பிப்ரவரி

திருத்தம். 67 திமிங்கிலம் கொல்லலாம் என்று எழுதியிருந்தேன், மணமேல்குடி வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார். நன்றி. 67 என்பது ஈட்டியால் அடிக்கிற அடிகளின் எண்ணிக்கை. கொலை எண்ணிக்கை இல்லை. ஈட்டி பட்டாலே ஒரு அடி போயிற்று, திமிங்கிலம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். கரை சேர்வதற்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது. 2019 முதல் 2025 வரை ஏழு வருஷத்துக்கும் சேர்த்து 392. அதில் ரஷ்யாவின் சுக்கோட்கா மக்களுக்கும் ஒரு சின்னப் பங்கு. 1978க்கு நான் 12 என்று விட்டதும் பாதிதான். கரை சேர்வது 12 அல்லது அடி 18, எது முதலில் முடிகிறதோ அதோடு நிறுத்த வேண்டும்.

சின்ன விஷயம் மாதிரித் தெரிகிறது. இதுதான் மொத்தச் சூட்சுமமும். அடியைக் கணக்கில் வைத்ததால் குறி தவறினால் நஷ்டம் ஊருக்கு. அவசரக்காரனை ஊரே தடுக்கும். வெடிகுண்டு ஈட்டியைக் கறுப்பு வெடிமருந்திலிருந்து பென்திரைட் என்கிற வலுவான வெடிமருந்துக்கு மாற்றினார்கள், நார்வேக்காரர்களிடம் பாடம் கேட்டார்கள். முன்பு அடித்ததில் பாதிகூடக் கரை சேராத வருஷங்கள் இருந்தன, இப்போது நாலில் மூன்று சேர்கிறது. எந்த இன்ஸ்பெக்டரும் பனியில் நின்று இதைச் செய்திருக்க முடியாது.

20 பிப்ரவரி

இன்னொருவர் கேட்டது: ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன வேலை?

1981இல் நோவா என்கிற அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனத்தோடு கையெழுத்து. வேட்டையை நடத்துவது, அடிகளை ஊர்களுக்குப் பிரிப்பது, மீறினவரைப் பிடித்து அபராதம் போடுவது, சில பருவங்களுக்குக் கடலில் இறங்கவிடாமல் செய்வது, எல்லாம் வேட்டைக்காரர் ஆணையம். வேட்டை முடிந்ததும் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். ஆணையம் கையை விரித்தால் அரசு நேரே இறங்கும். சர்வதேசக் கூட்டத்தில் வாதாடுவது அரசு. ஒரு ஊர் தன் அடிகளை முடிக்காவிட்டால் பக்கத்து ஊருக்கு மாற்றிக் கொடுப்பதும் உண்டு. பனி திறக்காத வருஷத்தில் இது பெரிய உபகாரம்.

21 பிப்ரவரி

உணவு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், சாப்பிட்டேன். மக்டக் என்பது தோலும் அதன் கீழ்க் கொழுப்பும். கறுப்புத் தோல் ஒரு விரற்கடை, அதன் கீழ் இளஞ்சிவப்புக் கொழுப்பு. பச்சையாக உறைந்தது, உலு என்கிற பிறை வடிவக் கத்தியால் மெல்லிசாக வெட்டி உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் வாய்க்குள் ஒன்றுமே தெரியாது. மெல்ல மெல்ல இளந்தேங்காய் வழுக்கை மாதிரி ஏதோ வருகிறது, அப்புறம் கொழுப்பு உருகி நாக்கு முழுக்கப் படிகிறது. இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன். மிக்கியாக் என்று புளிக்கவைத்த கறி ஒன்று உண்டு. அதை மட்டும் கும்பிட்டு விலகிவிட்டேன்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது பங்கு போடுகிற இடத்தில். எங்கள் கரையில் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பிரிப்போம். அங்கும் அதே. படகின் சொந்தக்காரரை உமியாலிக் என்கிறார்கள், நம் சம்மாட்டிதான். ஒரு வித்தியாசம், திமிங்கிலம் பிடித்த சம்மாட்டி வீட்டில் கொடி ஏறும், ஊரே வந்து சாப்பிடும், தடுக்க முடியாது. ஜூன் மாதத் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தனியாக எடுத்துவைத்துவிடுவார்கள், அதுவும் ஊருக்குத்தான். சம்மாட்டிக்கு மிஞ்சுவது பேரும் கடனும் என்று வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

கறியை விற்பதில்லை. இதை அடிக்கோடிடுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

22 பிப்ரவரி

வாசகர்களில் ஒரு டாக்டர் அம்மா "இருநூறு வருஷம் வாழ்கிற ஜீவனைக் கொல்ல மனசு எப்படி வருகிறது?" என்று கேட்கிறார். நேரடியான பதில் என்னிடம் இல்லை. அதற்கு இருநூறு வயது என்று நமக்குத் தெரிந்ததே அந்த வேட்டையால்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். வெட்டும்போது உடலுக்குள் பழைய கல் ஈட்டி முனைகள் கிடைத்தன. 2007இல் ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெடி ஈட்டியின் துண்டு. கண் வில்லையைச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றுக்கு 211 வயது வந்தது. மறுபடியும் அந்த டேப்பும் நோட்டும்தான்.

அந்த ஊரில் தக்காளி என்ன விலை என்று கேட்டால் நம் ஊர்ச் சைவ வாதமெல்லாம் சட்டென்று இறங்கிவிடும். இறங்கியது எனக்கு. உங்களுக்கு இறங்க வேண்டும் என்றில்லை.

3 மார்ச்

ஒரு வாரமாக யோசனை. நான் சொன்னதெல்லாம் ஒரே ஒரு வெற்றிக் கதை. நேர்மைக்காக மற்றதையும் சொல்லவேண்டும்.

அதே அலாஸ்கா, தெற்கே ஆங்கரேஜ் நகரத்தை ஒட்டிய குக் இன்லெட் என்கிற கழிமுகம். அங்கே வெள்ளைத் திமிங்கிலம், பெலூகா. 1994இல் 650க்கு மேல் இருந்தது 1998இல் 350க்குக் கீழே. நான்கே வருஷம். காரணம் வேட்டை என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. 1972 கடல் பாலூட்டிச் சட்டம் பழங்குடிகளின் பிழைப்பு வேட்டைக்கு விலக்குக் கொடுத்தது. கூட்டம் 'குறைந்துபோனது' என்று முறைப்படி அறிவிக்கும் வரை அரசாங்கத்தால் கட்டுப்பாடு போட முடியாது. கறியை நகரத்தில் விற்க வழி இருந்தது. வேட்டையாடியவர்களில் பலர் வேறு ஊர்களிலிருந்து வந்து நகரத்தில் குடியேறியவர்கள். அவர்களை "நிறுத்து" என்று சொல்ல ஒரு சம்மாட்டி சபை கிடையாது. பெயருக்குக் கழிமுகத்துக்கென்று ஒரு சபை இருந்தது, எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை.

1999இல் வேட்டை நின்றது. வேட்டைக்காரர்களும் தாங்களாகவே நிறுத்தினார்கள், சட்டமும் வந்தது: ஒப்பந்தம் இல்லாமல் அடிக்கக்கூடாது. அதன் பிறகு 2005 வரை மொத்தம் ஐந்து. அப்புறம் ஒன்றுகூட இல்லை. 2008இல் அழிவுநிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். கூட்டம் மீளவில்லை, முந்நூறைச் சுற்றியே நிற்கிறது.

நான் போன மாதம் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தொனி எனக்கே வந்துவிட்டது. அங்கே காகிதம் வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. கேள்வி கேட்டவர் சொன்ன பூனை குக் இன்லெட்டில் நிஜமாகவே இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூனையை விரட்டிய பிறகும் பால் ஏறவில்லையே, அது ஏன் என்று இருபத்தைந்து வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

4 மார்ச்

நேற்று விட்டது. வடக்கில் மட்டும் ஏன் நடந்தது? என் வீட்டுக்கார அம்மாவைக் கேட்டால் 'பாட்டன் முப்பாட்டன் ஒழுக்கம்' என்பார். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். காசு. 1968இல் புருடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது. 1972இல் இனுப்பியாட் மக்கள் முந்திக்கொண்டு நார்த் ஸ்லோப் பரோ என்ற தங்கள் உள்ளாட்சியை அமைத்து, எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்கு வரி போட்டார்கள். முதல் மேயர் ஈபன் ஹாப்சன். அந்த வரிப் பணத்தில்தான் விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தார்கள், ஒலிவாங்கி வாங்கினார்கள். வாஷிங்டன் எண்ணியதை நம்பாதவன் தானே எண்ணினான். எண்ணக் கையில் காசு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் அதே எண்ணெய்க் கம்பெனிகளோடு ஒவ்வொரு வருஷமும் சண்டையும் உண்டு. கடலடியில் வெடிச்சத்தம் எழுப்பி எண்ணெய் தேடினால் திமிங்கிலம் கரையை விட்டு விலகிப்போகும். வேட்டை நாட்களில் சத்தத்தை நிறுத்த எண்பதுகளின் நடுவிலிருந்து ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். வரியும் வேண்டும், அமைதியும் வேண்டும். தப்பில்லை.

4 மார்ச், இன்னொன்று

2002 கூத்தை விட்டுவிட்டேன். ஷிமோனோசெக்கியில் நடந்த சர்வதேசக் கூட்டத்தில் போஹெட் ஒதுக்கீடு தோற்றது. திமிங்கிலம் குறைந்ததால் இல்லை. தன் கரையோர வேட்டைக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று ஜப்பான் அணி முட்டுக்கட்டை போட்டது. நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், கிடைக்கவில்லை. அக்டோபரில் கேம்பிரிட்ஜில் மறுபடி கூடி நிறைவேற்றினார்கள். 2018இல்தான், நிபந்தனைகள் சரியாக இருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதுவரை ஆர்க்டிக் சமையலறையின் உலை யாரோ இரண்டு நாடுகளின் சண்டையில் மாட்டியிருந்தது.

17 மார்ச்

"உங்கள் சேதுபாவாசத்திரம் பக்கம் ஆவுளியா இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். திறக்க விருப்பமில்லாமல்தான் இருந்தேன்.

ஆவுளியா என்றால் கடற்பசு. எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் கறி சமைத்திருக்கிறார்கள். 1972இல் இந்தியாவிலும் வனவிலங்குச் சட்டம் வந்தது, அமெரிக்கச் சட்டத்துக்கு ஒரு மாதம் முந்தி. அங்கே கடற்கரைப் பழங்குடிக்கு விலக்கு, இங்கே எங்கள் கரையில் யாருக்கும் விலக்கில்லை. நம் ஆட்களை இனுப்பியாட்டோடு ஒப்பிட வேண்டாம். நாங்கள் ஆவுளியாவை நம்பிப் பிழைத்தவர்கள் இல்லை, எங்களுக்கு மீன் இருந்தது. வேட்டை உரிமை கேட்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள்.

வேறொன்றைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் மாமாவின் திருக்கை வலையில் ஒரு ஆவுளியா மாட்டி மூச்சு முட்டிச் செத்துவிட்டது. அவர் அடித்ததில்லை. வெளியில் சொன்னால் கேஸ் என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாக மணலில் புதைத்துவிட்டு வந்தார். நீளம் எவ்வளவு, ஆணா பெண்ணா, எந்தத் தண்ணீரில் மாட்டியது, ஒரு வரிகூட எங்கும் பதியவில்லை. உட்கியாக்விக்கில் அந்த டேப்பைப் பார்த்தபோது எனக்கு மண்டையில் ஓடியது இதுதான்.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். மாட்டினதை வலையை அறுத்து விட்டால் வலைக்கு நஷ்டஈடு, பாராட்டு எல்லாம் உண்டு. விட்டும் இருக்கிறார்கள்.

18 மார்ச்

மணமேல்குடிக்காரர் விடமாட்டேன் என்கிறார்: "நம் கரையில் கூட்டு நிர்வாகமே கிடையாது என்கிறீர்களா?" இல்லை. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நாம் கடலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோமே, அது பின்னே என்ன? வலை அறுந்து அடிதடி நடந்து வந்த ஏற்பாடு. மீறுகிறவன் மீறுகிறான். ஆனால் எந்த நாள் யாருடையது என்று கரையில் ஒரு சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

31 மார்ச்

ஊருக்குப் போன் போட்டேன். மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, கடலுக்குப் போவதில்லை. ஆவுளியா இப்போதும் கண்ணில் படுகிறதா என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், கடல்தாழைப் புல் எங்கே அடர்த்தி, எந்தக் காற்றில் கரைக்கு வரும், குட்டியோடு எந்த மாதம், புல் மேய்ந்த தடம் தண்ணீர் தெளிந்த நாளில் உழுத வரப்பு மாதிரி எப்படித் தெரியும் என்று முக்கால் மணி நேரம். நான் பாதியில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அலாஸ்காக் கதையைச் சொன்னேன். பனிமேட்டில் உட்கார்ந்து எண்ணியது, ஒலிவாங்கி, ஊரே டேப் பிடிப்பது எல்லாம். கவனமாகக் கேட்டார்.

"சரி மாப்ள, இங்க எண்ணப் போற படகுக்கு டீசல் யாரு போடுவா?"

சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.